சுவரோடு தள்ளுவதற்கு முன்: பிரிட்ஜுக்குக் கரண்டும் தண்ணீரும் கொடுத்த அனுபவம்

கதவிலேயே தண்ணீரும் ஐஸும் வரும் பிரிட்ஜ் என்பதால் கரண்ட் மட்டும் போதாது, பின்னால் ஒரு தண்ணீர் டியூபும் வேண்டும். இரண்டும் ஒரே மூலையில் பக்கம் பக்கமாக இருக்கப்போகின்றன, சுவரோடு தள்ளிவிட்டால் அதற்கப்புறம் வருஷக்கணக்கில் யாரும் அங்கே எட்டிப் பார்க்க மாட்டோம். அதனால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருப்தியான பிறகுதான் தள்ளுவது என்று இருந்தேன். நான்கு நாள் ஆனது.

முதல் நாள்: பிரிட்ஜை நிமிர்த்தி நிறுத்தியதோடு சரி. படுக்கவைத்துக் கொண்டுவந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும், அது திரும்ப இறங்கட்டும் என்று ஒரு முழு நாள் விட்டேன்.

அந்த நேரத்தில் சாக்கெட்டைப் பார்த்தேன். பழைய பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியபோது ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது, திரும்பச் செருகினால் லேசாக ஆடியது. சாக்கெட்டின் பிடி தளர்ந்தால் பின் சரியாகத் தொடாது, தொடாத இடம் சூடாகும், சூட்டில் பிடி இன்னும் தளரும். ஓடும்போது பிரிட்ஜ் இழுப்பது பெரும்பாலும் 1 அல்லது 2 ஆம்பியர்தான், ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும், அதுவும் இரவு பகலாக நின்று நின்று கிளம்பும் சாதனம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டு மாட்டுவதையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். தண்ணீர் டியூப் போகும் இரும்புப் பெட்டி அது, உள்ளே ஒயர் எங்காவது பட்டால் பிரேக்கரை விழவைக்க எர்த் வேண்டும்.

இரண்டாம் நாள் எலக்ட்ரீஷியன் வந்தார். மெயினை அணைத்து, சாக்கெட்டை மாற்றி, பிரிட்ஜுக்கென்று தனி லைன் இழுத்தார். மீட்டரில் கரண்ட் வரும் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் காட்டியது, நான் சரி என்று நினைத்துவிட்டேன். "அது மட்டும் போதாது, மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருக்கும் எர்த்தும் வோல்டேஜ் காட்டும்" என்று சொல்லி, தனி டெஸ்டர் வைத்து எர்த் லூப்பையும் (பழுதானால் கரண்ட் எர்த் வழியே திரும்பும் பாதை), 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்சையும் சோதித்துக் காட்டினார். இந்த வேலையை நானே செய்யாமல் அவரிடம் விட்டது நல்லதாகப் போயிற்று.

மூன்றாம் நாள் தண்ணீர். என் பிரிட்ஜின் கையேடு 20 முதல் 120 பி.எஸ்.ஐ (தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை பிரஷர் கேட்கிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் லைனை நம்புகிறவர்கள் இங்கே கணக்குப் போட வேண்டும்: 1 மீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட 1.4 பி.எஸ்.ஐ, அப்படியானால் 20 கிடைக்கத் தொட்டி 14 மீட்டர் மேலே இருக்க வேண்டும். பிரஷர் போதாவிட்டால் உள்ளே இருக்கும் வால்வு சரியாக மூடாமல் சொட்டுவதும் உண்டு. எனக்குக் கேஜில் 45 காட்டியது, போதும். குடிக்கும் பச்சைத் தண்ணீர் லைனில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு, கை எட்டும் இடத்தில் தனியாக ஒரு வால்வு வைத்தேன். குழாயில் ஊசிபோலக் குத்தி மாட்டும் கிளாம்ப் வால்வு சுலபம்தான், ஆனால் துவாரம் சின்னது, நாளாக நாளாக அடைத்துக்கொள்ளும், கசியும். அதை வாங்கவில்லை.

டியூபை பிரிட்ஜில் மாட்டுவதற்கு முன் அதன் முனையை வாளியில் விட்டு வால்வைத் திறந்தேன். முதலில் கலங்கலாக வந்தது, கூடவே குழாய் அறுத்த தூள். மாட்டியிருந்தால் எல்லாம் ஃபில்டருக்குள் போயிருக்கும்.

மாட்டி முடித்து, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தேன். மூன்று மணி நேரம் எதுவுமில்லை. நான்காவது மணி நேரத்தில் வால்வு பக்கத்து நட்டின் கீழே நகக்கண் அளவுக்கு ஈரம். கையால் தொட்டால் தெரியாது, பேப்பரில் மட்டும் தெரிந்தது. இன்னும் இறுக்கலாம் என்றுதான் கை போகும், ஆனால் அதிகம் இறுக்கினால் பிளாஸ்டிக் டியூப் நசுங்கிக் கசிவு கூடும். வால்வை மூடிக் கழற்றிப் பார்த்தால், கத்தியால் வெட்டிய முனை சாய்வாக இருந்தது. டியூப் கட்டரால் நேராக வெட்டி, டியூப் நசுங்காமலிருக்க உள்ளே ஸ்லீவ் என்ற சின்னக் குழல் செருகி, நட்டுக்குள் டியூபைக் கவ்வும் வளையத்தைப் புதிதாகப் போட்டு, கையால் இறுகும்வரை திருகி அதற்குமேல் ஸ்பேனரில் அரைச் சுற்று. இந்த நட்டின் மரைக்கு டெஃப்லான் டேப் வேண்டாம், அடைப்பது மரை இல்லை, வளையம்தான். ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன், பேப்பர் காய்ந்தே இருந்தது.

நான்காம் நாள் பிளக்கைச் செருகினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டால் சூடே இல்லை. கையேட்டில் சொன்ன அளவு தண்ணீரை ஃபில்டர் வழியே ஓடவிட்டு, முதல் நாள் ஐஸைக் கொட்டினேன். கரண்ட் போய் வந்தாலோ பிளக்கைப் பிடுங்கினாலோ ஐந்து நிமிடம் விட்டுத்தான் திரும்பப் போட வேண்டும், கம்ப்ரஸரில் அழுத்தம் சமமாக அவ்வளவு நேரம் எடுக்கும்.

அப்புறம்தான் தள்ளினேன். பிரிட்ஜை வெளியே இழுக்கும்போது டியூப் இழுபடாமல் இருக்க இரண்டு மீட்டர் மிச்சம் விட்டுப் பெரிய வளையமாகச் சுற்றி வைத்தேன், பின்னால் காற்றுக்கு நான்கு விரல் இடம். தள்ளும்போது பக்கத்திலிருந்து டார்ச் அடிக்க ஒருவர் வேண்டும், சக்கரம் ஒயர் மேல் ஏறுவது அப்போதுதான். வால்வின் கீழே ஒரு டிஷ்யூ பேப்பரை விட்டே வைத்திருக்கிறேன். இன்று பத்தாவது நாள், காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன், காய்ந்தே இருக்கிறது.