உரம் வந்த தேதி

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. எண்பதுகளின் பிற்பகுதி. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறை வடக்கில், பெனாகாவுக்கும் மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட நெல்வயல் பகுதி ஒன்றில் வேளாண் உதவியாளனாக இருந்தேன். ஒரு நாள் காலை, சூராவு என்ற சிறு தொழுகைக்கூடத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் மானிய உர மூட்டைகள் வந்து இறங்கின. மடக்கு மேசை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, வரிசையில் நின்ற விவசாயிகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த பாரத்தில், அதாவது படிவத்தில், பெயர், அடையாள அட்டை எண், நிலத்தின் அளவு, மூட்டைகளின் எண்ணிக்கை, கையொப்பம் என ஐந்து பத்திகள். நிலத்தை அங்கே இன்றும் ரெலோங் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு ரெலோங் என்பது ஏறக்குறைய 0.29 ஹெக்டர்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாக் ஹாஜி, ஹஜ் போய்வந்த மலாய்ப் பெரியவர், கைநாட்டு வைத்துவிட்டு, மூட்டையின் வாயைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "என்சிக், இது போன போகத்துக்கான உரமா, வரப்போகிற போகத்துக்கானதா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அவருடைய வயலில் கதிர் வெளியே வந்து பத்து நாள் ஆகியிருந்தது. மூட்டைகளைச் சைக்கிளில் ஒவ்வொன்றாக வைத்துக் கொண்டுபோனார். அன்று மாலை அலுவலகத்துக்குத் திரும்பி, என் பகுதியில் வழங்கல் நூறு விழுக்காடு முடிந்தது என்று அறிக்கை எழுதினேன். மேலதிகாரி பாராட்டினார். அறிக்கையில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் என்னை நெடுநாள் உறுத்தியது.

நேரடி விதைப்பில் நெல்லுக்கு முதல் உரம் பதினைந்து முதல் இருபது நாளுக்குள் விழ வேண்டும். தூர் கட்டும் காலத்தில் யூரியா வேண்டும். ஐம்பது, ஐம்பத்தைந்தாம் நாள் வாக்கில், தண்டுக்குள்ளே கதிர் உருவாகத் தொடங்கும் வேளையில் இன்னொரு முறை. அந்த நாளைத் தவறவிட்டுக் கதிர் வந்தபின் தழைச்சத்தைக் கொட்டினால் மணி பெருகாது. தாள் கொழுத்துச் சாயும், குலைநோய்க்கும் வழி திறக்கும். பாக் ஹாஜிக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த உரத்தை அவர் வயலில் போடவில்லை. பாதியை அடுத்த போகத்துக்கென்று வீட்டின் அடியில் அடுக்கினார். மீதி எங்கே போயிற்று என்று நானும் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு நான் வந்த வழி வேறு. செபராங் பிறை தெற்கில், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். அப்பா முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உரம் போடும் கும்பலில் சேர்ந்தார். காலை ஐந்தரைக்குப் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. எந்த நிரையில் எந்த மாதம் எத்தனை கிலோ என்பது தோட்ட எழுத்தரான கிராணியின் புத்தகத்தில் முன்கூட்டியே எழுதியிருக்கும். நான் உர மூட்டைக் கதையைச் சொன்னபோது அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "ஒரு மாசம் பிந்தி உரம் வந்தா எங்க துரை மொதல்ல கிராணியத்தான் வீட்டுக்கு அனுப்புவாரு தம்பி. நெல்லு என்ன, நாம வர்ற வரைக்கும் நிக்குமா?" என்றார். ஒரே முதலாளியின் நிலத்தில் நாள் தவறாமல் நடப்பது பெரிய வித்தை இல்லை. முந்நூறு பேரின் துண்டு நிலங்களில் அதை நடத்திக் காட்டுவதுதான் கிராம மேம்பாட்டுக் கொள்கையின் உண்மையான வேலை என்று நான் புரிந்துகொள்ளத் தொடங்கியது அந்த இரவில்தான்.

இதில் ஒரு முரணையும் சொல்லாமல் போக முடியாது. தோட்டம் பட்டணத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தாலும், அது தனியார் நிலம் என்பதால் அரசாங்கத்தின் 'லுவார் பண்டார்' (கிராமப்புறம்) என்ற சொல்லுக்குள் நெடுங்காலம் அடங்கவில்லை. பக்கத்துக் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, சாலையும் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வந்தபோது, எங்கள் லயத்துக்கு அவை வருவதும் வராததும் நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்திருந்தது. அறுபதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. எங்கள் ஆட்களுக்கு வாய்த்த கிராம மேம்பாடு அதுதான் என்று அப்பா சொல்வார். நான் அரசாங்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு மற்றவர்களின் கிராமத்தை மேம்படுத்தப் போனவன். அந்த உணர்வு ஓய்வு பெறும்வரை என்னை விட்டுப் போகவில்லை.

கொள்கை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெடாவிலும் பெர்லிசிலும் மூடா நீர்ப்பாசனத் திட்டத்துக்கு முன்பு பெரும்பாலான வயல்கள் வானம் பார்த்த ஒருபோக வயல்கள். பெடு, மூடா அணைகள் கட்டி முடிந்து 1970இல் தண்ணீர் வரத் தொடங்கியபின், ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டரில் இரண்டு போகம் சாத்தியமாயிற்று. அதை ஒட்டிய சில ஆண்டுகளில் வேளாண் ஆய்வுக் கழகமான மார்டி, விவசாய வங்கி, மூடா வேளாண் மேம்பாட்டு வாரியமான மாடா ஆகியவை அடுத்தடுத்து எழுந்தன. வெறும் மானியத்தால் நடந்த மாற்றம் அல்ல அது. ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரே நாள்காட்டியை உண்டாக்கியதால் நடந்தது. குறிப்பிட்ட தேதியில் மதகு திறக்கும், குறிப்பிட்ட தேதிக்குள் விதைக்க வேண்டும், குறிப்பிட்ட தேதியில் தண்ணீர் அடைபடும் என்ற ஒழுங்கு, எத்தனை விவசாயிகள் தனித்தனியே முயன்றாலும் வராத ஒன்று.

விதையும் அப்படித்தான். இரண்டாம் போகத்துக்கு, பகல்நேர நீளத்தைச் சாராமல் விளையக்கூடிய ரகம் வேண்டும். 1965இல் இங்கே வெளியான மசூரி அதற்கு உதவியது. ஒடிசாவின் கட்டாக்கில் நடந்த இண்டிகா–ஜப்பானிக்கா கலப்புத் திட்டத்திலிருந்து வந்த ரகம் அது. அதன் பெற்றோரில் ஒன்று மலாயாவின் மாயாங் எபோஸ், மற்றொன்று தைவானின் தைச்சுங் 65. இதே பெற்றோரின் பிள்ளைதான் தமிழ்நாட்டின் பொன்னி. பட்டர்வொர்த் கடைகளில் இறக்குமதிப் பொன்னி அரிசியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் நம்மவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே விளைச்சல் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். வயலில் அப்படி இல்லை. என் பகுதியில் மதகுக்கு அருகிலிருந்த வயல்களுக்கும் வாய்க்காலின் கடைசியிலிருந்த வயல்களுக்கும் இடையே தண்ணீர் போய்ச் சேர இரண்டு, மூன்று வாரம் வேறுபடும். கிளை வாய்க்கால் போதாத இடங்களில் ஒருவர் வரப்பை வெட்டிவிட்டால்தான் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் போகும். முன்னால் இருப்பவர் உரம் போட்ட நாளில் வரப்பை அடைத்துவிடுவார். உரம் அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. கடைசி வயல்காரர் பிந்தி விதைப்பார். சுற்றிலும் அறுவடை முடிந்த பிறகு பச்சையாக நிற்பது அவர் வயல் ஒன்றுதான். ஆகவே எலியும் பூச்சியும் விருந்துக்கு அங்கேதான் வரும். அறுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். ஒப்பந்தக்காரரின் அறுவடை இயந்திரம் அதற்குள் வேறு வட்டாரத்துக்குப் போயிருக்கும். திரும்ப வந்தாலும் சேற்றில் இறங்க மறுப்பார்கள். ஈர நெல்லோடு ஆலைக்குப் போனால், எடைமேடையில் ஈரத்துக்கும் பதருக்கும் சேர்த்துப் பிடிக்கும் 'போத்தோங்கான்' கூடிவிடும்.

ஒருமுறை அப்படிப்பட்ட லோரியோடு நானும் ஆலைக்குப் போனேன். எழுத்தர் ஒரு நீண்ட குழல் ஊசியை நெற்குவியலுக்குள் செருகி, உள்ளங்கையளவு நெல்லை எடுத்தார். அதைக் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டு, சீட்டில் ஓர் எண்ணை எழுதினார். வண்டிக்காரரும் விவசாயியும் அந்த எண்ணை ஒருவார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய்க்காலில் தொலைந்த மூன்று வாரம் அந்த ஒற்றை எண்ணாக மாறி அங்கே வந்து நின்றது. கடைசி வயல்காரர் சோம்பேறி என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. நானும் அதை ஒன்றிரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

மானியங்களைப் பற்றி என் கருத்து காலப்போக்கில் மாறியது. நெல்லுக்கான உர மானியம் 1979இலும், விற்கும் நெல்லுக்கு டன் கணக்கில் தரும் விலை மானியம் 1980இலும் தொடங்கின. குறைந்தபட்ச உத்தரவாத விலை பின்னாளில் டன்னுக்கு 1,200 ரிங்கிட், 1,300 என்று ஏறி, 2025இல் 1,500 ஆனது. இவை இல்லாவிட்டால் இரண்டு, மூன்று ரெலோங் வைத்திருப்பவர் வயலை என்றோ கைவிட்டிருப்பார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மானியம் கூடும் ஒவ்வொரு முறையும் அடுத்த போகத்தில் குத்தகையும் ஏறுவதை என் பகுதியில் கண்டேன். உழைப்பவர் ஒருவர், நிலத்துக்குச் சொந்தக்காரர் இன்னொருவர் என்றால் மானியத்தில் ஒரு பங்கு வரப்பைத் தாண்டி வெளியே கசிந்துவிடுகிறது.

நிலச் சொந்தமும் எளிதான சங்கதி அல்ல. ஒரு கிராந்தில், அதாவது நிலப் பட்டாவில், பதினொரு வாரிசுகளின் பெயர்களைப் பார்த்திருக்கிறேன்; மூவர் கோலாலம்பூரில், ஒருவர் சிங்கப்பூரில், இருவர் இறந்துபோய் அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்கள் இன்னும் ஏறாமல் கிடந்தன. அந்த வயலின் மேடுபள்ளத்தைச் சமப்படுத்தினால் தண்ணீர் சீராக நிற்கும், களை குறையும், விளைச்சல் கூடும். குத்தகைக்காரர் ஏன் தன் பணத்தை அதில் போட வேண்டும்? அடுத்த ஆண்டு வயல் தன் கையில் இருக்குமா என்பது அவருக்குத் தெரியாது. நேரடி விதைப்பு பரவிய பிறகு, சமமில்லாத வயல்களில்தான் 'பாடி ஆங்கின்' என்ற காட்டுநெல் முதலில் தலை தூக்கியது. அதற்கு மருந்து அடிக்க எல்லாரும் அறிவுரை சொன்னோம். கிராந்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சிலாங்கூரின் செக்கிஞ்சானுக்கு எங்களைச் சுற்றுப்பயணம் அழைத்துச் சென்றார்கள். அங்கே ஹெக்டருக்கு எட்டு டன்னுக்கு மேல் எடுப்பவர்கள் உண்டு. நாட்டுச் சராசரி அதில் பாதியளவுதான். உடன் வந்த விவசாயிகள் விதையையும் மருந்தையும் பற்றித்தான் கேட்டார்கள். நான் வரப்பில் நடந்து பார்த்தேன். வயலின் ஒரு தலையில் நீர் வரும் வாய்க்கால், மறு தலையில் வடிகால். பக்கத்து வயல்காரரின் தயவு இல்லாமலேயே தண்ணீரை விடவும் வடிக்கவும் முடிந்தது. நிலம் சமமாக இருந்தது. விவசாயி தன் நாளைத் தானே முடிவு செய்தார். பேருந்தில் திரும்பும்போது, அவர்கள் சீனர்கள், பணக்காரர்கள், அதனால்தான் என்று ஒருவர் சொன்னார். அந்த வாய்க்கால்களைப் பார்த்தபின் அந்த விளக்கம் எனக்கு ஒட்டவில்லை.

இரண்டு ஆண்டில் ஐந்து போகம் என்று மாடா இப்போது பேசுகிறது. குறைந்த நாளில் விளையும் ரகம் இருந்தால் கணக்குச் சரிதான். ஆனால் ஒரு போகத்துக்கும் மறு போகத்துக்கும் இடையே இருந்த ஓய்வு சுருங்கும்போது, முன்பு மூன்று வாரத் தாமதத்தை எப்படியோ விழுங்கிக்கொண்ட நாள்காட்டியில் இனி மூன்று நாளுக்கும் இடம் இருக்காது. பினாங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் வயலுக்கு வரும் அதே மூடா ஆற்றிலிருந்துதான் மாநிலத்தின் குழாய்த் தண்ணீரில் பெரும் பகுதி எடுக்கப்படுகிறது. வறட்சி வந்தால் பட்டணத்துக் குழாயா, வயலா என்ற கேள்வி வரும். ஆற்றின் தலைப்பகுதியான உலு மூடா காடு கெடாவில் இருக்கிறது. வாய்க்காலின் கடைசி வயலுக்கு நேர்வது, அந்தக் கணக்கில், ஒரு மாநிலத்துக்கும் நேரலாம்.

பாக் ஹாஜி கேட்ட கேள்விக்குப் பிறகு நான் ஒரு தனி நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். இடப்பக்கம் வேண்டிய தேதி, வலப்பக்கம் வந்த தேதி. தண்ணீர், உரம், அறுவடை இயந்திரம், நெல்லுக்கான பணம் என எல்லாவற்றுக்கும். அதைப் பாரத்தில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். முதல் முறை பதில் இல்லை, இரண்டாம் முறை பாரம் கோலாலம்பூரில் அச்சாவதால் மாற்ற இயலாது என்று பதில் வந்தது. ஓய்வு பெற்ற அன்று, எனக்குப் பதிலாக வந்த இளம்பெண்ணிடம் பதினெட்டு நோட்டுகளைக் கட்டிக் கொடுத்தேன். அவர் முதல் நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த முதல் வரியில வலப்பக்கம் மட்டுந்தானே எழுதியிருக்கீங்க? இடப்பக்கம் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டார். சூராவுப் பக்கத்துக் கொட்டகையில் உரம் இறங்கிய நாள் அது. அந்த உரம் எந்த நாளில் வந்திருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பாக் ஹாஜியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.