காரணத்தையும் எழுதி வையுங்கள்

ஈரோட்டில், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகராக இருக்கிறேன். ஆலோசனை சொல்ல ஆகும் நேரத்தைவிட அதை எழுதி வைக்கத்தான் அதிக நேரம் ஆகிறது. வீண் வேலை என்று சலித்துக்கொள்பவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

2013-ஆம் ஆண்டு செபி விதிமுறைகளின்படி, வாடிக்கையாளர் எவ்வளவு ரிஸ்க் தாங்குவார் என்ற மதிப்பீடும், நாம் சொன்ன ஆலோசனையும் பதிவில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னதும் இதில் சேர்த்திதான். அந்த ஆலோசனைக்கான காரணத்தைக் கையெழுத்து, தேதியோடு எழுதி, குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். பலர் ஒப்பேற்றிவிடுவது இந்தக் காரணத்தைத்தான். 'மிதமான ரிஸ்க் எடுப்பவர், ஆகவே இந்த ஃபண்ட்' என்று ஒரே வரியை எல்லாருக்கும் ஒட்டிவிடுகிறார்கள். அந்த வரியில் அந்த மனிதர் எங்கே இருக்கிறார்?

கோபிசெட்டிபாளையம் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவர், தன் விளைநிலத்தில் ஒரு பகுதியை விற்ற பணத்தோடு 2019-இல் வந்தார். "புள்ளைக்கு ரெண்டு வருசத்துல கல்யாணம் பண்ணோணுங்க. இதுல ஒத்த ரூவா கொறஞ்சாலும் எனக்குத் தூக்கம் வராதுங்க" என்றார். காரணம் என்ற இடத்தில் அதை அவர் பேச்சிலேயே எழுதினேன். பங்குச் சந்தை வேண்டாம், கல்யாணத்துக்கு முன்பே முதிர்கிற மாதிரி வங்கி டெபாசிட் என்று கீழே எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன்.

2021-இல் சந்தை ஏறிக்கொண்டிருந்தது. மகன் அவரையும் கூட்டிக்கொண்டு வந்து, "ஷேர்ல போட்டிருந்தா நல்லா ஏறியிருக்குமேங்ணா, ஏன் சொல்லல?" என்று கேட்டார். அப்பாவிடம் அனுமதி கேட்டுக் கோப்பை எடுத்துக் கொடுத்தேன். அந்த வரியை இரண்டு முறை படித்தார். 2020 மார்ச்சில் சந்தை சரிந்து கிடந்ததை நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. "அப்பன் இப்படித்தான் பேசுவாருங்ணா" என்றார்.

போனில் கேட்பவர்களும் அதிகம். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு நேரில் வர ஏது நேரம்? உரையாடலுக்கு ஒலிப்பதிவோ மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ ஏதாவது ஒரு சான்று இருக்க வேண்டும் என்று 2020-இல் செபி சொல்லிவிட்டது. கேட்டது, சொன்னது, ஏன் சொன்னேன் என்பதை அன்றைக்கே தமிழில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுவேன்.

2012-இல் பெருந்துறை ஈமு பண்ணைகள் முடங்கியபோது, மாதா மாதம் பணம் என்று நம்பிப் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். இது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமா என்று யாராவது உட்கார்ந்து பேசி எழுதியிருந்தால் சிலராவது தப்பித்திருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் என் பேச்சை மீறிப் போடுகிறேன் என்பவருக்கும் எழுதுகிறேன். நான் வேண்டாம் என்றது, அதற்கு அவர் சொன்ன பதில், இரண்டு பேர் கையெழுத்து. படித்துக் காட்டும்போது சிலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வூட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றனுங்க" என்று எழுந்துகொள்வார்கள். சரி, நிதானமாகக் கேட்டுவிட்டே வரட்டும்.