தாகத்துக்குத் தா

தபால்காரனுக்குத் தாகம் அதிகம். எங்கள் பக்கத்தில் அது இன்னும் அதிகம். தாமிரபரணிக் கரையைப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிச் சீமை முழுவதும் பச்சை என்று நினைப்பவர்கள், ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் சித்திரை வெயிலில் ஒருமுறை சைக்கிளில் வந்து பார்க்க வேண்டும். செம்மண் தேரி, பனை, உடைமரம், மறுபடியும் பனை. ஆடி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று சைக்கிளை மிதிக்க விடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசித் தெருவைச் சுற்றி முடிப்பதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

1986இல் கிளை அஞ்சலகம் ஒன்றில் பட்டுவாடா வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஆண்டு அக்டோபரில்தான் தூத்துக்குடிப் பகுதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. உறவுக்காரர்கள் குழப்பத்தில் பல ஆண்டுகள் முகவரிகளில் இந்த மாவட்டத்துப் பெயரை அங்கும் அந்த மாவட்டத்துப் பெயரை இங்கும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். 2019இல், 65 வயதில், ஓய்வு பெற்றேன். இந்த 33 ஆண்டுகளில் எத்தனை கடிதம் கொடுத்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன், எந்த வீட்டில் குடிக்கவில்லை என்ற கணக்கு மட்டும் மறக்காமல் இருக்கிறது.

என் பட்டுவாடாவில் எல்லா வகை மனிதர்களும் இருந்தார்கள். முஸ்லிம் வீடுகளில் ரமலான் மாதம் எனக்கென்று நோன்புக் கஞ்சி ஒரு தூக்குவாளியில் எடுத்து வைத்திருப்பார்கள். பிள்ளைமார் வீட்டு ஆச்சி ஒருவர் மோரில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுப்பார். பனங்காட்டில் ஏறி இறங்குகிறவர்கள் பட்டையில் பதநீர் ஊற்றித் தருவார்கள். பங்குனி மாதத்தில் அதைக் குடித்தவனுக்கு வேறெதுவும் பானமாகத் தோன்றாது. இதையெல்லாம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வேன். நான் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியன். வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையை ஆண்டுதோறும் நடத்துகிறவன். எல்லாரையும் நேசிக்க வேண்டும் என்பது கர்த்தருடைய கற்பனை என்று சொல்லிக்கொடுத்தேன். நம் வேதாகமத்தில் கட்டளைக்குக் கற்பனை என்றுதான் பெயர். இன்றைய பிள்ளைகள் அந்தச் சொல்லுக்கு மனத்தில் புனைந்துகொள்வது என்றே பொருள்கொள்கிறார்கள். என் விஷயத்தில் அந்தப் பிள்ளைகளின் பொருள்தான் சரியாக இருந்தது.

கீழத்தெருவில் நான் ஒரு நாளும் தண்ணீர் கேட்டதில்லை.

சாதிப் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் சீமைக்காரர்களுக்குத் தெருவைச் சொன்னாலே புரியும். கீழத்தெருக்காரர்களும் எங்கள் சபைதான். ஒரே சேகரம், ஒரே ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் அழைப்போம்), ஒரே பாட்டுப் புத்தகம். அவர்களுக்கு நான் வேலையில் எந்தக் குறையும் வைக்கவில்லை என்று அப்போது நம்பினேன். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலம் அது. பணத்தைக் கொடுத்துவிட்டுத் தபால்காரன் தனக்கென்று ஒரு தொகையை எடுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. நான் ஒரு ரூபாய் எடுத்ததில்லை. பெருவிரல் ரேகை வாங்கி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, நோட்டுகளை அவர்கள் கையில் எண்ணிக் கொடுப்பேன். கடிதம் படித்துக் காட்டுவேன். பதில் எழுதித் தருவேன். தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதித் தருவேன். இதைவிட ஒரு கிறிஸ்தவன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு திருப்தி இருந்தது. ஆனால் இவ்வளவும் வாசலில் நின்றபடியே நடக்கும். ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு. என் தாயின் வயதுடைய பெண்களை அங்கே பெயர் சொல்லி அழைத்தேன், ஒருமையில். மேலத்தெருவில் என்னைவிட இளையவர்களுக்குக்கூடப் பன்மை கொடுத்த வாய் அது.

வேலைக்குச் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒரு சித்திரை மாத நண்பகலில், கீழத்தெருக் கடைசி வீட்டில் இருந்த பாட்டிக்கு உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்தேன். நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டே அவர் சொன்னார்: “பானையில் தண்ணீர் இருக்கிறது ஐயா. அதே அடிபம்புத் தண்ணீர்தான்.”

நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று பையில் ஒரு கடிதம்கூட மிச்சமில்லை. அதுதான் கடைசி வீடு.

அதே அடிபம்புத் தண்ணீர்தான். அந்தச் சொற்கள் என்னை விடவில்லை. முதலில் கோபம் வந்தது. இவ்வளவு செய்கிறவனைக் குத்திக்காட்டுகிறாரே என்று. அடுத்து வந்த திருவிருந்து ஆராதனையில் பீடத்தின் முன் முழங்காலில் நின்றபோது வேறொன்று தோன்றியது. அவரும் நானும் திருவிருந்தின் திராட்சரசத்தை ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவர்கள். ஆனால் எங்கள் சபையில் கீழத்தெருக்காரர்கள் பின்வரிசையில் உட்காருவார்கள். கடைசியாகத்தான் பீடத்துக்கு வருவார்கள். அதை யாரும் சட்டமாக எழுதவில்லை. அவர் குடித்த பாத்திரத்தில் அவருக்குப் பிறகு நான் ஒரு முறையும் குடித்ததில்லை. என் வாழ்நாள் முழுவதும் அந்த வரிசையில் நான் முன்னால் இருந்திருக்கிறேன். அன்றுதான் அது என் கண்ணில் பட்டது.

இது எங்கள் ஊரின் கதை மட்டுமா? எங்கள் பக்கத்திலேயே வடக்கன்குளம் இருக்கிறது. அங்குள்ள கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகச் சனங்கள் உட்காரும்படி நடுவில் தடுப்புச்சுவர் இருந்தது. 1910இல் அதை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள். ஆலயத்துக்குள் சாதியின் பேரில் தனி இடம் கேட்க முடியாது என்று ஆகிவிட்டது. அதற்கும் முன்பு, 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், தம்மிடம் படித்த பிள்ளைகள் சாதி பார்க்காமல் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று உறுதியாக நின்றவர். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நான் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் கோவில் அசனத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுவதையும் பெருமையாகச் சொல்வேன். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதைக் கவனித்ததில்லை. கவனிக்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

வேதாகமத்தில் யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தை அந்த நாள்களில் பலமுறை படித்தேன். இயேசு நடந்து களைத்து, சீகார் ஊர்க் கிணற்றருகே உட்காருகிறார். ஆறாம்மணி வேளை, அதாவது நண்பகல், நான் கீழத்தெருவுக்குப் போகிற நேரம். சமாரியப் பெண் தண்ணீர் மொள்ள வருகிறாள். அவளிடம் அவர் பேசிய முதல் சொல் போதனை அல்ல. “தாகத்துக்குத் தா.” அவ்வளவுதான். யூதர்கள் சமாரியரோடு கலவாதவர்கள், அப்படியிருக்க என்னிடம் எப்படிக் கேட்கலாம் என்று அவளே திகைத்துப்போகிறாள்.

நல்ல சமாரியன் கதையை மட்டும் நடத்திக்கொண்டிருந்த எனக்கு இது புரியாமலே இருந்தது. அந்தக் கதையில் கொடுக்கிறவனாக என்னை வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் வார்க்கிறவன் நான், பணம் கொடுக்கிறவன் நான். கொடுக்கிறவன் கை எப்போதும் மேலே இருக்கும். மனு எழுதிக் கொடுத்தபோதெல்லாம் என் கை மேலேதான் இருந்தது. கிணற்றடியில் ஆண்டவர் கையைக் கீழே நீட்டினார். அவள் பாத்திரத்தில், அவள் கையால், அவள் கொடுத்தால்தான் தாகம் தீரும் என்ற இடத்தில் தம்மை வைத்தார். நேசிப்பது கடமை என்றால் அந்தக் கடமையில் இதுவும் அடங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நானும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

அடுத்த மாதப் பணம் வந்தது. கொடுத்து முடித்ததும் கேட்டேன். “ஆச்சி, தாகமாக இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்.” ஆச்சி என்ற சொல்லும் தாருங்கள் என்ற சொல்லும் அந்தத் தெருவில் என் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் முறை. தொண்டையில் தடுக்கித்தான் வந்தது. அன்பு பொங்கி நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருந்ததால் கேட்டேன்.

அவர் உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. புளி போட்டுச் சொம்பு தேய்க்கும் ஓசை கேட்டது. வெளியே வந்தவர் என்னிடம் சொம்பைக் கொடுக்கவில்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். “உள்ளே வந்து குடியுங்கள் ஐயா. யாராவது பார்த்தால் உங்களுக்குத்தான் சங்கடம்” என்றார்.

குனிந்து உள்ளே போய்க் குடித்தேன். தண்ணீர் சற்று உப்பு. எங்கள் ஊர்த் தண்ணீரே அப்படித்தான். கையில் ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தார். எனக்காக அவர் தெருவைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. எட்டு ஆண்டுகளாக வாசலில் நிறுத்தியவன் அவமானப்படக் கூடாது என்று அந்த வயதில் அவர் யோசித்தார். அவர் வீட்டுத் திண்ணையில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து குடிக்க எனக்கு மேலும் இரண்டு மாதங்கள் ஆயின.

ஊர் பார்த்தது. மேலத்தெருவில் சில வீடுகளில் மோர் நின்றுபோனது. அது பெரிதல்ல. சபையின் மூத்தவர் ஒருவர் கோவில் வாசலில் நிறுத்திக் கேட்டார்: “தம்பி, கடிதம் கொடுப்பது உன் வேலை. கண்ட இடத்தில் தண்ணீர் குடிப்பதுமா வேலை?” நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் அவருக்கு மனத்தில் பதில் சொன்னேன். என் மனைவிதான் கேட்டாள், அவரையும் சேர்த்துத்தானே எல்லாரும் என்று.

அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை முழுமையாகப் பதில் சொல்லிவிடவில்லை. ஆச்சியை நேசிப்பது சில மாதங்களில் எளிதாகிவிட்டது. இவரை நேசிப்பது எளிதாகவே இல்லை. தீயோர்மேலும் நல்லோர்மேலும் தமது சூரியனை உதிக்கப்பண்ணுகிறவரைப் போல இருக்க நான் யார்? என்னால் முடிந்ததைச் செய்தேன். அவருடைய கடிதங்களைத் திண்ணையில் வீசாமல் கையில் கொடுத்தேன். வெளிநாட்டிலிருந்து மகனுடைய கடிதம் வந்தால் வெயிலென்று பார்க்காமல் அவர் வீட்டுக்கு முதலில் போனேன். அவர் பேச்சுக் கொடுத்தால் பாதியில் சைக்கிளை எடுக்காமல் நின்று கேட்டேன். உள்ளே கசப்பு இருந்துகொண்டேதான் இருந்தது. அது கரையட்டும் என்று காத்திருந்திருந்தால் அந்தக் கடிதங்கள் என் பையிலேயே கிடந்திருக்கும். பிற்பாடு பார்வை மங்கியபோது, மகன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி அவர் என்னைத்தான் அழைத்தார். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆச்சி படுக்கையில் விழுந்த பிறகும் மாதம் ஒருமுறை போவேன். ரேகை வாங்கும்போது விரலை நான்தான் மையில் ஒற்றி எடுக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு நாள், நெடுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“ஆச்சி, அன்றைக்கு அடிபம்புத் தண்ணீர் என்று சொன்னீர்களே. என்னைக் கண்டிக்கத்தானே சொன்னீர்கள்?”

அவருக்கு முதலில் நினைவு வரவில்லை. சற்று நேரம் கழித்துச் சொன்னார்.

“கண்டிக்கவா? நான் எதற்கு ஐயா உங்களைக் கண்டிக்கப் போகிறேன். உப்பு என்று நினைத்துவிடக் கூடாதே என்று சொல்லியிருப்பேன். வெயிலில் வந்து நின்றீர்கள். முகம் கறுத்துப்போயிருந்தது.”