போன் வீட்டுக்கு வரும் நேரம்

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். 2007-இல் மாற்றினார்கள். அதற்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை. தோட்ட லயத்துப் பாட்டிகளுக்கு இன்றைக்கும் பழைய பெயர்தான் வாயில் வரும். பெஸ்தாரி என்றால் மலாயில் புத்திசாலி. ஊர்ப் பெயரில் புத்தி இருக்கிறது, செம்பனைக் காட்டுக்குள், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள், போனால் போன் லைன்தான் இருக்காது என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கேலி உண்டு. 2021 ஜனவரியில் அந்தக் கேலிக்கு யாரும் சிரிக்கவில்லை.

நான் இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அந்த வருஷம் எனக்கு நான்காம் ஆண்டு வகுப்பு, 19 பிள்ளைகள். ஜனவரி 13-இல் சிலாங்கூரில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு மறுபடி வந்தது. மறுநாள் பொங்கல். 20-ஆம் தேதி பள்ளித் தவணை தொடக்கம், ஆனால் பிள்ளைகள் வரக்கூடாது. எல்லாம் பிடிபிஆர், அதாவது வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தல்.

2020 மார்ச்சில் முதல் முறை பள்ளியை மூடியபோது வாட்சாப் குழுவில் பயிற்சித்தாளைப் படம் பிடித்துப் போட்டே ஓட்டிவிட்டோம். பதில்களும் அதே குழுவில் வந்து விழும். நடுவில் யாராவது காலை வணக்கப் பூப்படம் போடுவார். எது யாருடைய கணக்குப் பயிற்சி என்று தேடவே ஒரு மணி நேரம் போய்விடும். இந்த முறை தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வாட்சாப் தகவல் சொல்றதுக்கு மட்டும். பாடம் எல்லாம் டெலிமாவுல."

டெலிமா என்பது கல்வியமைச்சின் கற்றல் தளம். 2020 ஜூன் 15-இல் தொடக்கினார்கள். அமைச்சு தரும் ஒரே கணக்கில் கூகுள், மைக்ரோசாப்ட் இரண்டின் கற்றல் கருவிகளும் திறக்கும். அதற்கு முன் பள்ளிகளில் ஃபிராக் என்ற கற்றல் தளம் இருந்தது. 2019 நடுவில் அது முடிந்து கூகுள் கிளாஸ்ரூம் வந்தது. ஆகவே எனக்குக் கிளாஸ்ரூம் புதிதில்லை. பயிற்சிக்குப் போயிருக்கிறேன், சான்றிதழ்கூட வைத்திருக்கிறேன். 19 பிள்ளைகளை அதற்குள் கொண்டுபோய் உட்கார வைப்பது எப்படி என்று அந்தப் பயிற்சியில் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அடையாளக் கணக்கு. ஒவ்வொரு மாணவனுக்கும் எம் என்ற எழுத்து, ஒரு சின்னக் கோடு, அப்புறம் வரிசையாக எண்கள், ஒரு அட் குறி (@), பிறகு அமைச்சின் முகவரி. ஆசிரியர்களுக்கு எம் இருக்கும் இடத்தில் ஜி. இதைத் துண்டுத்தாளில் அச்சடித்துப் பெற்றோருக்கு வாட்சாப்பில் தனித்தனியாக அனுப்பினேன். மூன்று நாளில் உள்ளே வந்தவர்கள் 4 பேர். அதில் ஒருவன் என் பக்கத்து வீட்டுப் பையன், அவனுக்கு வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நானே சொல்லிக் கொடுத்தேன்.

அதனால் பள்ளிக் கேட்டுக்கு வெளியே ஒரு மேசை போட்டோம். பெற்றோர் திங்கட்கிழமைகளில் பயிற்சித்தாள் கட்டு வாங்க வருவார்கள். வரும்போதே போனையும் நீட்டச் சொன்னேன். மழைமரத்தடியில் மேசை, கிருமிநாசினிப் போத்தல், என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட். இரண்டு நாள் அப்படி உட்கார்ந்த பிறகுதான் அந்தத் துண்டுத்தாளில் என்ன சிக்கல் என்று தெரிந்தது.

சிக்கல் அந்தச் சின்னக் கோடு. போன் விசைப்பலகையில் அது எழுத்துப் பக்கத்தில் இருக்காது, எண் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே பக்கத்திலேயே அடிக்கோடும் இருக்கும். பாதிப் பேர் அடிக்கோட்டைப் போட்டிருந்தார்கள். ஓர் அம்மா கோட்டையே விட்டுவிட்டார். தாளில் ஏதோ மை கொட்டியிருக்கிறது என்று நினைத்தாராம். இன்னொரு அண்ணன் எல்லாம் சரியாகத்தான் அடித்தார், ஆனாலும் உள்ளே விடவில்லை. நாலு தடவை பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது: போன் தானாகக் காட்டிய சொல்லைத் தட்டியிருக்கிறார், அது கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துப் போட்டுவிட்டது. கண்ணுக்கே தெரியாத இடைவெளி. "டீச்சர், ரெண்டு நாளா நான் இதுகூட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்," என்றார். செம்பனைக் குலையைச் சளைக்காமல் லாரியில் ஏற்றுகிற மனுஷன் அவர்.

கடவுச்சொல் தனிக் கதை. முதல் முறை உள்ளே போனதும் புதியதாக ஒன்று வைக்கச் சொல்லும். அந்தப் பதற்றத்தில் ஏதோ ஒன்றை வைப்பார்கள், மறுநாள் மறந்துவிடும். மீட்டுத் தர எங்கள் பள்ளியின் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாசிரியரிடம்தான் போக வேண்டும். அவர் ஒருவர், பிள்ளைகளோ முழுப் பள்ளி. இரண்டாவது வாரம் அவர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பி நடந்தார். கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் 19 பிள்ளைகளுடையதையும் ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்தேன். இதில் எனக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை.

அடுத்தது போனுக்குள்ளே இருக்கும் அப்பா. போனில் ஏற்கனவே அப்பாவின் சொந்த ஜிமெயில் இருக்கும். நான் அனுப்பிய வகுப்பு இணைப்பைத் தட்டினால் அது அப்பா பெயரில் திறக்கப் பார்க்கும். அமைச்சின் கணக்கு இல்லாதவரை வகுப்பு சேர்க்காது. வகுப்பைக் காணோம் என்று எனக்குப் போன் வரும். முதல் இணையவழிச் சந்திப்பில் உள்ளே வரலாமா என்று வரிசையில் நின்றவர்களில் ஒருவர் பெயர் 'லோரி கிங்'. அனுமதிக்கவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே குழுவில் குரல்பதிவு வந்தது: "டீச்சர், அது நான்தான் டீச்சர், அப்பா போன்." கேமராவைத் திறந்தால் வாயில் பல்துலக்கியோடு என் மாணவன்.

வலது மூலையில் இருக்கும் வட்டத்தைத் தட்டி, எம் என்று தொடங்கும் கணக்கைத் தேர்ந்தெடுத்து, அப்புறம்தான் வகுப்புக் குறியீட்டை அடிக்க வேண்டும். இதை விளக்கி மூன்று நிமிஷக் காணொளி ஒன்று செய்து போட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை, டேட்டா போய்விடும் என்ற பயம். 40 வினாடிக்கு வெட்டி, சின்ன அளவில் போட்டேன். பார்த்தார்கள். குறியீட்டில் இருப்பது சின்ன 'எல்'லா ஒன்றா, 'ஓ'வா பூச்சியமா என்று கேட்டு வந்த அழைப்புகளைப் பற்றி எழுதப் போவதில்லை.

பிப்ரவரி முதல் வாரம் 18 பேர் உள்ளே. எனக்கு ஒரே பெருமை. திங்கள் காலை ஒன்பது மணிக்குச் சந்திப்பு வைத்தேன். வந்தவர்கள் 5 பேர்.

அன்றைக்குக் கொஞ்சம் கோபம்தான். மேசையில் உட்கார்ந்து வந்தவர்களிடம் எல்லாம், ஏன் பிள்ளை வரவில்லை என்று கேட்டேன். ஓர் அப்பா என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "டீச்சர், போன் என் சட்டைப் பையில. நான் ஆலையில. அவன் எப்படி டீச்சர் வருவான்?"

இதைக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. வருகைப் பதிவு எடுக்க ஒரு நோட்டு, கடவுச்சொல்லுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் மூன்றாவது நோட்டு போட்டேன். 19 பெயர், பக்கத்தில் இரண்டே கட்டம்: போன் யாரிடம், வீட்டுக்கு எத்தனை மணிக்கு வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி எழுதினேன். பகலில் போன் இருக்கும் வீடு 6. இரவு ஏழு மணிக்கு மேல் 9. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 3. போனே இல்லாதது 1. அதிலும் போன் இருக்கும் வீட்டில் அண்ணனும் அக்காவும் இருப்பார்கள்; ஐந்தாம் படிவத்து அக்கா முதலில், நான்காம் ஆண்டுத் தம்பி கடைசியில். அது நியாயமும்கூட, அக்காவுக்கு எஸ்பிஎம் பொதுத்தேர்வு.

அந்த வருஷ வரவுசெலவுத் திட்டத்தில் செர்டிக் என்று ஒன்று அறிவித்திருந்தார்கள். 500 பள்ளிகளின் பிள்ளைகளுக்கு 1,50,000 மடிக்கணினி. அந்த 500-இல் எங்கள் பள்ளி இல்லை. சரி, இருக்கும் போனை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

காலைச் சந்திப்பை நிறுத்தினேன். செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டரைக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு பயிற்சி, இரண்டுக்கும் கெடு ஞாயிறு இரவு. கெடு நாளை மட்டும் குறித்து மணியை விட்டுவிட்டால் கிளாஸ்ரூம் தானாக இரவு 11.59 என்று வைத்துக்கொள்ளும். அது எனக்குத் தோதாக இருந்தது. போன் இல்லாத பிள்ளைக்குத் தாள் கட்டு, அதே பயிற்சி, அதே கெடு. என் வீட்டில் எட்டரை மணி என்பது சாப்பாட்டு நேரம். பல நாள் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பெருக்கல் நடத்தியிருக்கிறேன். அடுத்த செவ்வாய் 13 பேர் வந்தார்கள்.

லைன் இல்லாத உள்தோட்டத்துப் பிள்ளைகள் கோயில் திடலுக்கு வருவார்கள். பிரதான சாலைக்குப் பக்கம் என்பதால் அங்கே இரண்டு கோடாவது காட்டும். முந்தின வருஷம் சபாவில் பித்தாஸ் பக்கம் ஒரு பல்கலைக்கழக மாணவி லைனுக்காக மரத்தில் ஏறி இருந்து தேர்வெழுதியதை எல்லாரும் பார்த்தோம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வசதியும் இல்லை. செம்பனை மட்டை முழுக்க முள்.

ஒரு தப்பு முழுக்க என்னுடையது. மரபுத்தொடர் வினாக்களைக் கூகுள் படிவத்தில் போட்டு, தானே திருத்திக்கொள்ளும்படி விடையையும் கொடுத்து வைத்தேன். 'கம்பி நீட்டுதல்' என்று நான் அடித்திருந்தேன். ஒருத்தி இரண்டு சொல்லையும் சேர்த்து அடித்தாள். இன்னொருவன் 'நீட்டுதள்'. நாலு பேர் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார்கள். எல்லாருக்கும் சுழியம். பத்து நிமிஷத்தில் அழுகைக் குரல்பதிவுகள் வரிசையாக வந்தன. பதினோரு மணி வரை கையால் திருத்தினேன். அடுத்த வாரப் பயிற்சியே தமிழில் தட்டச்சு செய்வதுதான். நம்மூர் முத்து நெடுமாறனின் தமிழ் விசைப்பலகைச் செயலியான செல்லினத்தைச் சிலர் இறக்கிக்கொண்டார்கள், சிலர் போனில் இருந்த தமிழ் விசைப்பலகையையே திறந்துகொண்டார்கள். அந்த ஒரு வாரம் வீணாகவில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

கெடு தாண்டினால் பயிற்சிப் பக்கத்தில் சிவப்பில் 'மிஸ்ஸிங்' என்று வரும். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குப் போன் பண்ணினான். ஆங்கிலப் பாடத்தில் அந்தச் சொல்லுக்குக் காணாமல் போவது என்று படித்திருக்கிறான். "டீச்சர், நான் வீட்டுலதான் இருக்கேன்."

சிரித்தேன். ஆனால் அந்தச் சிவப்புச் சொல்லை நானும் கிட்டத்தட்ட அவனைப் போலத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளைக்கு, முதல் பயிற்சியிலிருந்தே, வரிசை முழுக்கச் சிவப்பு. உள்தோட்டத்துப் பெண். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா இல்லை, பாட்டிதான். நோட்டில் அவள் பெயருக்கு நேராக 'அப்பா, இரவு 9.30' என்று இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "செய்யுறா டீச்சர். ராத்திரி நான் வந்ததும் படம் புடிச்சுப் போடுறா. திடலுக்கு மோட்டார்ல நான்தான் கூட்டிட்டுப் போறேன்." எல்லா அப்பாக்களும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன். ஒருமுறை அவளிடமும் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். மறுமுனையில் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 8-இல் நான்காம் ஆண்டு பள்ளிக்குத் திரும்பியது. முகக்கவரி, ஒரு மீட்டர் இடைவெளி, கேட்டில் வெப்பமானி. ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மடிக்கணினியைத் திறந்து அவள் பெயரைத் தட்டினேன், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று.

முதல் பயிற்சிக்குக் கீழே படம் இருந்தது. இரண்டாவதற்கும். ஒவ்வொன்றாகத் திறந்தேன். கோடு போட்ட நோட்டு, நல்ல கையெழுத்து, ஓரத்தில் பாட்டியின் கைலித் துணி தெரிகிறது. ஒன்றில் மோட்டார் விளக்கு வெளிச்சம். 14 பயிற்சியும் செய்து, படம் பிடித்து, ஏற்றியிருக்கிறாள். ஒன்றில்கூட, ஒப்படைப்பதற்கான 'டர்ன் இன்' பொத்தானை அழுத்தவில்லை. படத்தைப் போட்டதும் முடிந்தது என்று நினைத்திருக்கிறாள், வாட்சாப்பில் அப்படித்தானே. என் 40 வினாடிக் காணொளியில் அந்தப் பொத்தான் வருவதற்குள் வெட்டிவிட்டிருந்தேன். பிள்ளை அழுத்தாவிட்டாலும் ஆசிரியர் பக்கத்திலிருந்து அந்தப் படங்களைத் திறந்து பார்க்கலாம். ஏழு வாரமாக நான் தட்டிப் பார்க்கவில்லை.

அவளை மேசைக்குக் கூப்பிட்டு, அவள் கணக்கில் திறந்து, பொத்தானைக் காட்டினேன். "இதா டீச்சர்?" என்றாள். ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் நிச்சயம்தானா என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தட்டினாள். 14-க்கும் 'டன் லேட்' என்று விழுந்தது.