பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றால், யார் யாரைத் தொலைத்தது என்று முதலில் பாருங்கள்

மூன்று மாதம் என் உயிரை வாங்கிய பிரிண்டர், கடந்த ஆறு வாரமாக ஒரு நாள்கூட இணைப்பு அறுபடாமல் வேலை செய்கிறது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். இதற்கு முன் நான்கு தடவை 'சரியாகிவிட்டது' என்று நம்பி, நான்கு தடவையும் ஏமாந்திருக்கிறேன்.

வை-ஃபையில் சேர்த்த அன்று நன்றாக அச்சடிக்கும். இரண்டு மூன்று நாளில் கணினி 'ஆஃப்லைன்' என்று காட்டும். பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் வரும், அப்புறம் பழையபடி போய்விடும். மகள் மறுநாள் பள்ளியில் கொடுக்க வேண்டிய 12 பக்கத்தை ஒரு ராத்திரி அச்சடிக்க உட்கார்ந்தேன். வரவில்லை. மறுபடி கொடுத்தேன், இன்னொரு முறையும் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து பிரிண்டரை அணைத்துப் போட்டதும் 36 பக்கமும் வந்து விழுந்தது. கலர் இங்க் அதோடு தீர்ந்தது. ஆஃப்லைன் என்று காட்டும்போது திரும்பத் திரும்ப பிரிண்ட் கொடுக்காதீர்கள். அத்தனையும் க்யூவில், அதாவது அச்சுக்கான வரிசையில், காத்துக்கொண்டிருக்கும். முதலில் க்யூவைத் திறந்து நிற்பதையெல்லாம் நீக்குங்கள். நீக்கியும் போகாமல் நின்றால், அந்த க்யூவை நடத்தும் விண்டோஸின் 'பிரிண்ட் ஸ்பூலர்' சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

கஸ்டமர் கேருக்கு நான்கு முறை பேசினேன். முதல் ஆள், கணினியில் இருக்கும் பிரிண்டர் டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். இரண்டாவது ஆள், "லேப்டாப்பும் பிரிண்டரும் ஒரே பேண்டுலதான் இருக்கணும், லேப்டாப்பையும் 2.4-க்கு மாத்துங்க" என்றார். நம்பி மூன்று வாரம் லேப்டாப்பை வேகம் குறைந்த அலைவரிசையில் வைத்திருந்தேன். அது தேவையே இல்லை. லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸிலும் பிரிண்டர் 2.4-லும் இருக்கலாம். ஒரே ரூட்டரின் ஒரே நெட்வொர்க்காக இருந்தால் போதும். விருந்தினருக்கான கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒன்று மாட்டிக்கொண்டால்தான் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்க்காது. மூன்றாவது ஆள் சிக்னல் போதவில்லை என்று எக்ஸ்டெண்டர் வாங்கச் சொன்னார். வாங்கினேன். நான்காவது ஆள் ஃபேக்டரி ரீசெட் செய்யவைத்தார். ஸ்கேன் போய்ச் சேரும் ஃபோல்டர் முதல் நான் சேர்த்துவைத்திருந்த எல்லா அமைப்பும் அழிந்தது. நெட்வொர்க் அமைப்பை மட்டும் அழிக்க மெனுவில் தனி ரீசெட் உண்டு என்பதை அவர் சொல்லவே இல்லை.

கடைசியில் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கே போனேன். அங்கிருந்த வை-ஃபையில் முதல் முயற்சியிலேயே அச்சடித்தது. "மெஷின்ல ஒண்ணுமில்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர்கள் சொன்னது உண்மைதான். மெஷினில் ஒன்றுமில்லை.

வழி கிடைத்தது ஒரு சின்ன விஷயத்தில். ஒரு நாள் கணினி 'ஆஃப்லைன்' என்று காட்டிக்கொண்டிருந்தபோது தற்செயலாக பிரிண்டரைப் பார்த்தேன். வை-ஃபை விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது. செல்பேசியிலிருந்து ஒரு பக்கம் அனுப்பினேன், வந்துவிட்டது. அப்படியானால் பிரிண்டர் வை-ஃபையை விடவே இல்லை, கணினிதான் பிரிண்டரைத் தொலைத்திருக்கிறது. இத்தனை நாளில் யாருமே என்னிடம் "விளக்கு எரியுதா, சிமிட்டுதா?" என்று கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

உடனே பிரிண்டர் மெனுவிலிருந்து நெட்வொர்க் அறிக்கையை அச்சடித்தேன். அதில் ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் எண், 192.168.1.14. கணினியில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸுக்குள், பிரிண்டரின் முகவரி குறித்து வைக்கப்பட்டிருக்கும் 'போர்ட்ஸ்' பகுதியைத் திறந்தால் 192.168.1.7 என்று இருந்தது. பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது கணினி.

ரூட்டர் முகவரிகளை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. என் ரூட்டரில் கெடு 24 மணி நேரம். பிரிண்டர் ஆனில் இருந்தால் கெடு முடியும் முன்பே புதுப்பித்துக்கொள்ளும். நான் வேலை முடிந்ததும் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிடுவேன். இரண்டு நாள் தொடாமல் விட்டால் அந்த முகவரியை வேறு ஒரு செல்பேசி எடுத்துக்கொள்ளும், பிரிண்டர் திரும்ப வரும்போது வேறு எண் கிடைக்கும்.

தீர்வு, ரூட்டரில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியோடு வரும் அடையாள எண்) ஒரு ஐ.பி.யை ஒதுக்கிவைப்பது. டி.எச்.சி.பி. ரிசர்வேஷன் என்று இருக்கும். பிரிண்டரிலேயே கையால் முகவரியைப் போடவும் முடியும், ஆனால் ரூட்டர் வழக்கமாகப் பகிர்ந்துகொடுக்கும் வரிசைக்குள் இருக்கும் எண்ணைப் போட்டால் அதே எண் இன்னொரு கருவிக்கும் போய் இரண்டும் மோதும். ரூட்டரில் ஒதுக்குவதே நல்லது.

இங்கேயும் எனக்கு இரண்டு நாள் வீணானது. ஒதுக்கீடு செய்த பிறகும் முகவரி மாறியது. அறிக்கைத் தாளை மறுபடி எடுத்து விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். அதில் மேக் முகவரி இரண்டு இடத்தில் இருந்தது. மேலே இருப்பது கேபிள் இணைப்புக்கு, கீழே 'வயர்லெஸ்' தலைப்பின் கீழ் இருப்பது வை-ஃபைக்கு. இரண்டும் 12 எழுத்து, கடைசி எழுத்தில் மட்டும் வித்தியாசம். நான் மேலே இருந்ததைப் பதிந்திருந்தேன். கேபிள் போர்ட்டும் உள்ள பிரிண்டர் என்றால் இதை இரண்டு முறை பாருங்கள்.

கீழே இருந்ததைப் பதிந்து, கணினியில் ஒதுக்கிய முகவரிக்குப் புதிதாக ஒரு டி.சி.பி./ஐ.பி. போர்ட் சேர்த்தேன். அந்த போர்ட்டின் அமைப்பில், கணினி பிரிண்டரின் நிலையைக் கேட்டுப் பார்ப்பதற்கான 'எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ்' என்ற கட்டத்தில் இருந்த டிக்கையும் எடுத்தேன். பிரிண்டர் நன்றாக இருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐந்து நாள் நிம்மதி. ஆறாம் நாள் காலை விளக்கு சிமிட்டியது. இந்த முறை பிரிண்டரே வை-ஃபையை விட்டிருந்தது. அதாவது முதலிலிருந்தே இரண்டு நோய் இருந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால்தான் எந்த மருந்தும் வேலை செய்ததுபோலத் தோன்றி, மறுபடி தோற்றிருக்கிறது.

சிக்னலா என்று பார்த்தேன். இணைப்பு இருந்தபோது எடுத்த அறிக்கையில் -54 டி.பி.எம். இருந்தது. பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க வலுவான சிக்னல். -80 என்றால் கவலைப்படலாம், -54 தாராளம். எக்ஸ்டெண்டருக்குக் கொடுத்த பணம் வீண். அறிக்கையை ஒரு தடவை பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

இந்தத் தடவை ஒரு நோட்டில் தேதி போட்டு, ஒன்றை மாற்றினால் ஒரு வாரம் காத்திருப்பது என்று முடிவு செய்தேன். முதலில் சேனல், அதாவது 2.4 அலைவரிசைக்குள் ரூட்டர் பயன்படுத்தும் தடம். ரூட்டர் 'ஆட்டோ'வில் இருந்து நினைத்தபோது சேனலை மாற்றிக்கொண்டிருந்தது. 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை, அவற்றில் கூட்டம் குறைவாக இருந்த 11-ல் நிறுத்தினேன். நான்காம் நாள் விளக்கு மறுபடி சிமிட்டியது. அடுத்து, 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் இருந்ததைப் பிரித்தேன். என் பிரிண்டருக்கு 2.4 மட்டுமே தெரியும். ஒரே பெயரில் இருந்தால் கருவிகளை 5-க்குத் தள்ளப் பார்க்கும் ரூட்டரோடு அதற்கு ஒத்துப்போகவில்லை போலும். பிரிக்கும்போது பழைய பெயரை 2.4-க்கே விட்டு, 5-க்குப் புதுப் பெயர் வையுங்கள். 2.4-ல் இருக்கும் மற்ற பழைய கருவிகளில் ஒன்றையும் தொட வேண்டியிருக்காது.

நிறைய முன்னேற்றம், ஆனாலும் பத்து நாளில் ஒரு முறை விட்டது. கடைசியாகப் பாதுகாப்பு அமைப்பைப் பார்த்தேன். டபிள்யூ.பி.ஏ.2 என்ற பழைய பாதுகாப்பு முறையும் டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய முறையும் கலந்து இருந்தது. பழைய கருவிகள் சிலவற்றுக்கு இந்தக் கலப்பு சரிப்படாது. 2.4-க்கு மட்டும் டபிள்யூ.பி.ஏ.2 என்று மாற்றி, ஏ.இ.எஸ். குறியாக்கத்தில் வைத்தேன். 5-ஐத் தொடவில்லை. நோட்டில் அதற்கப்புறம் எழுத ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு பயம் மிச்சம். ரூட்டரை மாற்றினாலோ ரீசெட் செய்தாலோ இந்த ஒதுக்கீடு எல்லாம் போய்விடும். அதனால் ரூட்டரின் ஒவ்வொரு அமைப்புப் பக்கத்தையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன். அந்த நெட்வொர்க் அறிக்கையை, கீழே இருக்கும் மேக் முகவரியைப் பேனாவால் வட்டமிட்டு, பிரிண்டரின் காகிதத் தட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டேன்.