ஹுதோம் ஆந்தையைத் தமிழாக்கிப் பார்த்தேன்: எட்டாம் மாதக் குறிப்பு

காளிபிரசன்ன சிங்கர் 1862இல் வெளியிட்ட ‘ஹுதோம் பேஞ்சார் நக்‌ஷா’ என்னும் நையாண்டிச் சித்திரங்களில் முதலாவதை, வங்க மொழிப் பயிற்சிக்காகத் தமிழாக்கத் தொடங்கி எட்டு மாதங்களாகின்றன. ஆந்தையின் குரலில் கல்கத்தாவைச் சொல்லும் அந்நூல் சரக் திருவிழாவில் தொடங்குகிறது. முதுகில் கொக்கி மாட்டிக்கொண்டு மரத்தில் சுழலும் நேர்த்திக்கடன் அது. 1865இல் அரசு அதைத் தடை செய்தது. நம் ஊர்ச் செடல் உற்சவம் நினைவுக்கு வந்து, ‘செடல் மரம்’ என்று எழுதிய அன்று பாதி வேலை முடிந்துவிட்டதாகவே மகிழ்ந்தேன்.

ஆனால் முதல் வரைவில் உயிரில்லை. நகரெங்கும் மேளம் கேட்கிறது, செடல் சுற்றப்போகிறவனின் முதுகு தினவெடுக்கிறது, கொல்லர்கள் முள்ளும் அரிவாளும் அடிக்கிறார்கள் என்று தொடங்கும் முதல் வாக்கியத்திலேயே, அந்தத் தினவைச் சொல்ல ஓர் இரட்டைக்கிளவி வருகிறது. நானோ, ‘முதுகில் அரிப்பு ஏற்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். வினைச்சொற்களும் அங்கே எழுத்து வங்க மொழியின் ‘கொரிதேச்சே’ (செய்கிறது) அல்ல, தெருவில் புழங்கிய ‘கொச்சே’. இரண்டாம் வரைவில் ‘முதுகு நமநமங்குது’ என்று மாற்றிய பிறகுதான் வாக்கியம் எழுந்து நடந்தது.

இதே காளிபிரசன்னர் அதே ஆண்டுகளில் பண்டிதர்களை அமர்த்தி, மகாபாரதம் முழுவதையும் செம்மையான வங்க உரைநடையில் கொண்டுவந்தவர். எனவே தெருப்பேச்சை அவர் தெரிந்தே எடுத்துக்கொண்டார் என்று உறுதியாக நம்புகிறேன். கம்பெனி ஆட்சியில் வணிகத்தாலும் ஜமீனாலும் செல்வம் சேர்த்த பாபுக்களின் ஆடம்பரத்தை, அவர்கள் வீட்டு வேலைக்காரருக்கும் புரியும் மொழியில் எழுதியதே அந்த நையாண்டியின் பெரும்பலம். அவரும் கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதிச் செல்வக் குடும்பத்தவரே. யாரையும் குறிவைக்கவில்லை, ஆயினும் எல்லோரையும் குறிவைத்திருக்கிறேன், என்னையும் விட்டுவிடவில்லை என்று முன்னுரையில் அவர் சொல்வதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அவர்மீது மதிப்புக் கூடுகிறது.

பாரசீகம் வழியாக வந்த சொற்கள் தொல்லை தரவில்லை. தர்பார், வக்கீல், ஜரூர் எல்லாம் ஏற்கெனவே நம்மிடம் புழங்குபவை.

இப்போது அடுத்த சித்திரமான பாரோயாரி பூஜையில் நிற்கிறேன். பலரிடம் பணம் திரட்டி நடத்தும் பொதுப் பூஜை அது. அந்தப் பணத்தைத் ‘தலைக்கட்டு வரி’ என்று எழுதினால் ஊர்க் கட்டுப்பாடு உள்ளே வந்துவிடுகிறது. ‘சந்தா’ என்றாலோ வாசலில் வந்து நிற்பவர்களின் நெருக்குதல் போய்விடுகிறது. ‘வசூல்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.