பேரீச்சம்பழத்துக்குப் போக வேண்டிய கேபினெட்

அக்கா சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வீடு மாற்றியபோது கம்ப்யூட்டரைத் தனியாகப் பார்சலில் போட்டிருந்தாள். வந்து இறங்கும்போதே அட்டைப்பெட்டியின் ஒரு மூலை சப்பையாக இருந்தது. பிரித்துப் பார்த்தால், பாகங்களையெல்லாம் தாங்கும் இரும்புப் பெட்டியான கேபினெட்டின் பின்பக்க மேல் மூலை இரண்டு விரல் ஆழத்துக்கு உள்ளே போயிருந்தது. முன்பக்க பிளாஸ்டிக் முகப்பு கழன்று தொங்கியது. பக்கத் தகடு பாதி திறந்த நிலையில் மாட்டிக்கொண்டு வரவும் இல்லை, போகவும் இல்லை.

"இதை வச்சு என்னடா பண்ணப் போற, பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்றாள் அக்கா. 2009இல் அவளுடைய முதல் சம்பளத்தில் வாங்கிய கேபினெட் அது. நான் முதன்முதலில் எழுதிய புரோகிராம் ஓடியது அதில்தான். போட மனம் வரவில்லை.

மனசு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வெர்னியர் வைத்து அளந்தேன், தகடு 0.8 மி.மீ. இருந்தது. கடையில் போய்ப் பார்த்த விலை குறைந்த புதுக் கேபினெட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாலே தகடு உள்ளே போனது. அதோடு, மதர்போர்டும் கேபினெட்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதற்காக 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 305க்கு 244 மி.மீ. போர்டு, திருகு ஓட்டைகள் இருக்கும் இடம், எல்லாம் அதேதான். கேபினெட்டின் இரும்புச் சட்டம் நேராகிவிட்டால் இன்று வாங்கும் போர்டும் இதற்குள் உட்காரும்.

முதல் ஞாயிறு முழுக்கப் பிரிப்பதிலேயே போனது. ஒவ்வொரு வயரையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். கேபினெட் திருகுகளில் இரண்டு வகை உண்டு. பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க், பின்பக்க ஸ்லாட் இதற்கெல்லாம் 6-32 என்ற அங்குல மரை. டிவிடி டிரைவுக்கு எம்3 என்ற மி.மீ. மரை, அது இன்னும் நெருக்கமானது. இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு தப்பானதைத் திணித்து மரையைக் கெடுத்துவிடுவோம். எனக்கு முன்னால் யாரோ டிவிடி டிரைவில் அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். இரண்டு தீப்பெட்டிகளில் தனித்தனியாகப் போட்டு வைத்தேன்.

பவர் சப்ளை, சப்பையான மூலையில் சரியாக இறுகியிருந்தது. அதன் சொந்தப் பெட்டியும் நசுங்கியிருந்தது. அதைத் திறக்கவே இல்லை. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கலாம். நசுங்கிய தகடு உள்ளே எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. ஒதுக்கி வைத்துவிட்டு வேறு வாங்கினேன். இந்த ஒரு பாகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

போர்டும் வெளியே வந்த பிறகுதான் சட்டத்தை அளந்தேன். பின்பக்கச் செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் பிடித்துப் பார்த்தால், சமமாக இருக்க வேண்டியவற்றுக்குள் 9 மி.மீ. வித்தியாசம். கண்ணுக்குத் தெரிந்த குழியை விட இதுதான் உண்மையான சேதம். சட்டம் கோணியிருக்கும் வரை குழியை எவ்வளவு தட்டினாலும் பக்கத் தகடு பள்ளத்தில் ஓடாது.

அன்று மாலை அவசரப்பட்டு ரப்பர் சுத்தியலால் குழியின் நடுவில் உள்ளிருந்து நாலு போடு போட்டேன். குழி அப்படியே இருக்க, பக்கத்தில் புதிதாக ஒரு புடைப்பு கிளம்பியது. நிறுத்திவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் கார், வேன்களுக்கு டிங்கரிங் பார்க்கும் பட்டறை இருக்கிறது. மறுநாள் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த அண்ணன் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, குழியில அடிக்காத. அடி வாங்குன எடம் நடுவு, கடைசியா மடங்குனது இந்த ஓரம். கடைசியா மடங்குனத மொதல்ல எடு."

"நேத்து நடுவுலதாண்ணே அடிச்சேன்."

"தெரியுது. கல்லு மேல வச்சு அடிச்சியோ? அப்படி அடிச்சா தகடு மெலிஞ்சு விரியும். விரிஞ்சதைத் திரும்ப அடக்குறது கஷ்டம். மணல் மூட்டை மேல வையி."

இரண்டாம் ஞாயிறு அவர் சொன்னபடியே செய்தேன். முதலில் மேல் தகட்டையும் பின்தகட்டையும் சேர்த்திருந்த நான்கு ரிவெட்டுகளின் தலையை 3.2 மி.மீ. டிரில் பிட்டால் எடுத்தேன். பிணைப்பு விட்டதும் தகடுகள் கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி தானாகவே விலகின. மறுபடி மூலைவிட்டங்களை அளந்தால் வித்தியாசம் 9 மி.மீ.யிலிருந்து 6க்கு இறங்கியிருந்தது. சாக்கில் ஈர மணல் கட்டி, அதன்மேல் பின்தகட்டை வைத்து, வேப்பங்கட்டைத் துண்டு ஒன்றை ஓரத்தில் நிறுத்தி, கட்டையின் தலையில் மெதுவாகத் தட்டினேன். ஓரத்திலிருந்து குழியைச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்தேன். ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. வந்தால் அதிகம். சுமார் மூன்று மணி நேரம் ஆனது. குழி தட்டையாகிக்கொண்டே வருவதை உள்ளங்கைதான் முதலில் சொல்லும், கண்ணுக்கு அப்புறம்தான் தெரியும்.

அப்புறம் போர்டு உட்காரும் தட்டு. போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் ஒன்பதும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தாலும் திருகை இறுக்கும்போது போர்டு வளையும், நாளடைவில் ஈயப்பற்று விட்டுப்போகும். ஸ்டீல் ஸ்கேலைக் குமிழ்களின் தலைமேல் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். மேல் வரிசைக் கடைசிக் குமிழில் மட்டும் ஸ்கேலுக்கு அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு. இரண்டு கட்டைக்கு நடுவே தட்டைக் கொடுத்து சி-கிளாம்பால் இறுக்கி, அரைமணி நேரம் அப்படியே விட்டேன். எடுத்துப் பார்த்தபோது கோடு பாதியாகியிருந்தது. இன்னொரு தடவை இறுக்கியதும் மறைந்தது.

புது ரிவெட் அடித்துச் சட்டத்தை மூடியபோது மூலைவிட்ட வித்தியாசம் 1 மி.மீ. போதும். இரும்புத்தூள் ஒரு துகள் உள்ளே தங்கினாலும் ஷார்ட் ஆகலாம் என்பதால், வெறும் சட்டத்தை முற்றத்தில் வைத்துக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்தேன்.

முன்பக்க முகப்பில் ஆறு கொக்கிகளில் நான்கு முறிந்திருந்தன. முறிந்த துண்டுகள் பார்சல் பெட்டிக்குள்ளேயே கிடைத்தது நல்லதாயிற்று. துண்டைப் பொருத்தி, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு, மேலே ஆப்ப சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாக இறுகும். கொஞ்சம் சூடாகும், கண் எரியும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். இப்படி மூன்று அடுக்கு கட்டி, அரத்தால் ராவி உருவத்துக்குக் கொண்டுவந்தேன். பவர் பட்டன் சுவிட்ச் உடைந்தே போயிருந்தது. ரீசெட் சுவிட்சும் அதே மாதிரி அழுத்தினால் மட்டும் தொடும் வகைதான். அதன் வயரை போர்டில் பவர் சுவிட்சுக்கான 6, 8ஆம் பின்களில் சொருகிவிட்டேன். ரீசெட்டை நான் பயன்படுத்தி வருஷக்கணக்காகிறது.

பெயின்டில் ஒரு விஷயம். சுரண்டிய இடங்களில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும், விட்டால் துருப்பிடிக்கும். ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே கறுப்பு ஸ்ப்ரே. ஆனால் பவர் சப்ளை தொடும் இடத்தையும் பக்கத் தகடு உரசும் விளிம்பையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டேன். அங்கே உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் எர்த் கிடைக்கும். மாட்டி முடித்ததும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், பக்கத் தகட்டுக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையே பீப் வந்தது.

நேற்று இரவு பக்கத் தகட்டை வைத்துத் தள்ளினேன். ஒரே தள்ளில் கடைசி வரை ஓடி 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. அக்காவைக் கூப்பிட்டு அவள் கையாலேயே ஒரு தடவை கழற்றி மாட்டச் சொன்னேன்.

நான் முதல் நாள் நடுவில் அடித்த இடம் மட்டும் விரிந்துபோயே இருக்கிறது. தட்டினால் 'டொப்' என்று உள்ளே போய் வெளியே வருகிறது. கார் கதவுக்குள் அதிர்வை அடக்க ஒட்டும் தார் ஷீட்டில் ஒரு துண்டு தருவதாகப் பட்டறை அண்ணன் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு அதை உள்பக்கமாக ஒட்டிப் பார்க்க வேண்டும்.